அரை மில்லிமீட்டர்

ஒபுயா சொன்னான், நிரலில்தான் கோளாறு.
செரோனோ சொன்னாள், மோட்டாருக்கு மூச்சு வாங்குகிறது.
காதிகியா எதுவும் சொல்லவில்லை,
சாலிடர் புகையை ஊதி விலக்கிக்கொண்டிருந்தாள்.
யாரும் குறை சொல்லிவிட முடியாது என்பதுபோல்
மேசையில் பச்சையாகக் கிடந்தது அவளுடைய சர்க்யூட்.

நியேரியில் ஜூலைக் குளிர்.
ஆய்வகக் கண்ணாடியில் இரண்டு பனி,
வெளியிலிருந்து ஒன்று, எங்கள் மூச்சு ஒன்று.
மெக்கட்ரானிக்ஸ், மூன்றாம் ஆண்டு, ஏழாம் எண் மேசை:
ஒரு தண்டவாளம், அதில் ஓடும் சிறு வண்டி,
வண்டியின் மேல் கீலில் ஓர் அலுமினியக் குச்சி.
குச்சி தலைகீழாக நிற்க வேண்டும்.
அவ்வளவுதான் கேள்வி.
இருபது மதிப்பெண்.

செவ்வாய் நிற்கவில்லை, புதன் நிற்கவில்லை.
வியாழன் ஒரு கணம் நின்றதுபோல் இருந்தது,
கைபேசியை எடுப்பதற்குள்
கடைசி பெஞ்சில் தூங்குகிறவன் தலைபோல்
சாய்ந்தது.

முதலாம் ஆண்டில் இதெல்லாம் எளிது.
இயந்திரவியல் ஒரு கட்டடத்தில்,
மின்னணுவியல் இன்னொன்றில்,
கணினி, காபிச் செடிகளுக்கு அப்பால் மூன்றாவதில்.
மழையில் ஓடி ஓடிக் கற்றோம்.
இடையில் இருந்த சேற்றுக்கு
யாரும் பாடம் நடத்தவில்லை.

செரோனோவின் நிரல் நாற்பது வரி.
இப்போது எவ்வளவு சாய்ந்திருக்கிறது,
இதுவரை சாய்ந்ததெல்லாம் கூட்டினால் எவ்வளவு,
இனி எந்த வேகத்தில் சாயப்போகிறது:
மூன்று காலமும் தொக்கி நிற்கும் ஒரு வினை.
மூன்றுக்கும் மூன்று எண்கள்.
என்ன எண் என்று புத்தகம் சொல்லாது.
முதலாவதைக் கூட்டினால் வண்டி வெறி பிடித்து உதறும்.
மூன்றாவதைக் கூட்டினால்
சென்சாரின் இரைச்சலையெல்லாம் ஆணை என்று நம்பி நடுங்கும்.
எல்லாவற்றையும் குறைத்தால்
குச்சி விழுவதை
நின்று வேடிக்கை பார்க்கும்.

சண்டை வந்தது.
உன் கடைசல் வேலை, என்றாள் அவள்.
உன் நாற்பது வரி, என்றான் இவன்.
காதிகியா அன்றுதான் வாய் திறந்தாள்,
எங்கள் மூவரையும் கிகுயூவில் திட்டினாள்.
எங்களில் ஒருவருக்கும் அந்த மொழி தெரியாது.
எல்லோருக்கும் புரிந்தது.

ஒன்பதே காலுக்கு மின்சாரம் போனது.

பவர் சப்ளையின் விசிறி ஓய்ந்தது.
அப்படி ஓர் ஓசை அந்த அறையில் இருந்ததே
நின்ற பிறகுதான் தெரிந்தது.
செய்ய ஒன்றுமில்லாமல்
காதிகியா வண்டியைக் கையால் தள்ளினாள்.
முன்னே. பின்னே. முன்னே.
திசை மாறும்போதெல்லாம் சின்னதாக ஒரு
டிக்.

இன்னொரு தரம், என்றான் ஒபுயா.

டிக்.

மோட்டார் அச்சு திரும்பிவிட்டது,
பல்சக்கரம் இன்னும் யோசிக்கிறது.
நடுவே ஒரு சந்து,
அரை மில்லிமீட்டர்கூட இருக்காது.
மூன்று வாரமாகக் குச்சி
அதற்குள்தான் விழுந்துகொண்டிருந்தது.

துளை ஒபுயா போட்டது.
அச்சு மெலிந்த அந்த மோட்டாரை வாங்கியது காதிகியா.
வேகமானதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தவள் செரோனோ.
கடைக்குப் போன காசு என்னுடையது.
யாரும் எதையும் சொல்லவில்லை.
கைபேசி வெளிச்சத்தில்
ஆரஞ்சு சோடா டின்னைக் கத்தரித்து
ஒரு பட்டை எடுத்து, அச்சில் சுற்றி,
திருகை இறுக்கினோம்.
விரலில் ரத்தம் யாருடையது என்று
காலையில்தான் பார்த்தோம்.

குச்சி பதினொரு நொடி நின்றது.
நின்றது என்றால்,
வண்டிக்கு ஒரு கணமும் ஓய்வில்லாமல்.
பதினான்கு மதிப்பெண்.
அறிக்கை தாமதம் என்று ஆறு போனது.

சனிக்கிழமை மடாட்டுவில் இடமில்லை.
கதவோரம் குனிந்து நின்றாள் செரோனோ.
மலைப்பாதை, வளைவுக்கு மேல் வளைவு.
கூரையை இருமுறை தட்டி
கம்பியைப் பிடி, என்றான் நடத்துனர்.
அவள் கைகள் குளிருக்குச் சட்டைப்பைக்குள்ளேயே இருந்தன.
முழங்கால்கள் மட்டும்
தங்களுக்குள் ஏதோ
கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன.